மூன்று மணி நேர நாடா

மூன்று மணி நேர நாடா
மாற மூன்று மணி நேரம்தான் ஆகும்,
குறுக்குவழி கிடையாது, சொல்லிவிட்டேன்.
உமையாள் சரியென்று
ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டார்.
காரைக்குடியில் அன்று கரண்ட் இருந்தது.

பூஞ்சையை வழித்து, ஹெட்டைத் துடைத்து
ஓட விட்டால்
வளவு முழுக்கப் பாத்திரம்.
தொண்ணூற்று மூன்று, ஆவணி.
எவர்சில்வர் தூக்கு, பித்தளை அண்டா,
வெள்ளிக் குத்துவிளக்கு, மங்குச் சாமான்,
பக்கெட்டுக்குள் பக்கெட்டு.
நாற்பது நிமிடம் கேமரா
ஒரு கரண்டியையும் விடவில்லை.

வக்கீல் கேட்டது இதுதான், என்றார்.
மடியில் பட்டியல். டிக். டிக்.

பிறகு கோடு விழுந்து, படம் துள்ளி,
மணப்பெண்.
பதினோரு விநாடி.
யாரோ கூப்பிடத் திரும்பி
வாய்விட்டுச் சிரிக்கிறாள்.
சத்தம் மட்டும் இல்லை, நாடா தின்றுவிட்டது.

வேண்டாமென்றால் வெட்டிவிடலாம், என்றேன்.

நிறுத்துங்க.

நிறுத்தினேன்.
திரைக்குக் கிட்டே குனிந்து
வெகுநேரம் பார்த்தார்.
நான் மின்விசிறியைப் பார்த்தேன்.

"அந்தக் கைக்கடிகாரம்
லிஸ்ட்ல விட்டுப்போச்சு.
பேனா இருக்கா?"

கொடுத்தேன்.
எழுதி முடிக்கும்வரை
மணி பதினொன்று இருபதில்
சிரிப்பு நடுங்கிக்கொண்டே நின்றது.

படியிறங்கும்போது சொன்னார்:
டிஸ்க் ரெண்டு போடுங்க.
ஒண்ணு கோர்ட்டுக்கு.