மங்கலாய் உடைவது நல்லது

என் வேலை உடைப்பது.
மாதச் சம்பளம், ஓய்வூதியம், வருடத்துக்கு ஐந்து வாரம் விடுப்பு.
ஒரு மீட்டர் தடிமனில் மஞ்சள் கண்ணாடி,
அதற்கு அப்பால் என்னுடையவை அல்லாத இரண்டு இரும்புக் கைகள்.
அவற்றால் சுண்டுவிரல் நீள எஃகுத் துண்டை எடுத்து
மேடையில் கிடத்துவேன்.
சுத்தியல் ஊசலாடி வரும்.
ஒரே வீச்சு.

துண்டைக் கடந்து மறுபக்கம்
சுத்தியல் உயர எழுந்தால் கவலை.
களைத்துப்போய்ப் பாதியில் நின்றால் நிம்மதி.
உடைந்த முகம் சர்க்கரைபோல் மின்னினால் கெட்ட செய்தி.
நனைந்த சாம்பல்போல் மங்கி, நார்நாராய்க் கிழிந்திருந்தால்
எண்ணை எழுதிவிட்டுக் காபி குடிக்கப் போகலாம்.

எழுபத்தெட்டில் உலையை மூடுமுன்
உள்சுவரை ஒட்டிச் சங்கிலியில் கோத்து
இந்தத் துண்டுகளைத் தொங்கவிட்டார்கள்.
சுவர் தின்பதையே இவையும் தின்னட்டும்,
சுவரை உடைத்துக் கேட்க முடியாது,
இவற்றைக் கேட்கலாம் என்று.
எண்ணித்தான் போட்டார்கள், முப்பது ஆண்டுக்கு.
இன்னும் நூறு சேர்த்துப் போட்டிருக்கலாம்.
அதற்கு மேலும் கேட்பார்கள் என்று
அன்றைக்கு யாருக்குத் தோன்றும்?

முழுத் துண்டு இப்போது ஒன்றுகூட மீதமில்லை.
ஆகவே உடைந்த பாதிகளுக்கு
இருபுறமும் புது எஃகைப் பற்றவைத்து
மறுபடி உடைக்கிறேன்,
சாட்சி சொல்லிவிட்டுத் தூங்கப்போனவனை எழுப்பி
மீண்டும் கூண்டில் ஏற்றுவதுபோல.

பள்ளி விளையாட்டுக் கூடத்தில் கருத்துக்கேட்பு.
கூடைப்பந்து வளையத்துக்குக் கீழே திரை,
திரையில் ஒரு கோடு, எல்லையைத் தொடாமல்.
இன்னும் இருபது ஆண்டு என்றார்
ஹெல்சின்கியிலிருந்து வந்த பொறியாளர்.
அந்தக் கோட்டின் பதினோராவது புள்ளி நான் உடைத்தது.
எந்த வியாழக்கிழமை என்றுகூடச் சொல்வேன்.
அன்று எனக்குக் காய்ச்சல்.

கழிவு எங்கே போகும் என்றாள் ஒருத்தி.
பாறைக்குள்.
மின்கட்டணம் ஏறுமா என்றார் ஒருவர்.
நகர மன்றத்துப் பெண் வரிப்பணத்தைச் சொன்னாள்,
நீச்சல்குளத்துக்குக் கூரை போட்டது அதில்தான் என்று.

பிறகு கவுக்கோ ரந்தானென் எழுந்தார்.
தொப்பியைக் கழற்றி, எங்கே வைப்பதென்று தெரியாமல்
மறுபடி போட்டுக்கொண்டார்.
அணுவைப் பற்றி எனக்கு ஒன்றும் கேட்க வேண்டாம் என்றார்.
என் வீடு எதிர்த் தீவில்.
நீங்கள் வெந்நீர் விடுகிறீர்கள், விரிகுடா உறைவதில்லை.
மெல்லிசாய் ஒரு தோல் கட்டும், நாயைக்கூடத் தாங்காது.
படகும் போகாது, காலும் போகாது.
முன்பெல்லாம் பள்ளி விட்டதும்
கடல்மேல் நடந்தே வீட்டுக்குப் போவேன்.
இன்னும் இருபது என்றால் எனக்கு எண்பத்தேழு.
கடல் உறையும்.
அதில் நடக்க எண்பத்தேழில் கால் இருக்குமா?
அதற்கும் ஒரு கோடு போட்டுக் காட்டுங்கள்.

சிரித்தார்கள்.
பொறியாளர் எதையோ குறித்துக்கொண்டார்.

மூன்றாம் வரிசையில் இருந்த என்னை யாரும் கேட்கவில்லை.
கேட்டிருந்தாலும் என்ன சொல்வேன்?
எஃகு வாக்குக் கொடுக்காது.
அன்றைய சூட்டில் அன்றைக்கு எப்படி இருந்தது,
அவ்வளவுதான் சொல்லும்,
அதுவும் செத்த பிறகு.

வெள்ளிக்கிழமை கடைசித் தொகுதி.
சுத்தியல் பாதியில் நின்றது.
மங்கல். நார்நார்.
இவ்வளவு காலம் வெந்தும் இவ்வளவு பிடிவாதம்.
எனக்கு உண்மையில் சந்தோஷம்தான்,
கண்ணாடிக்கு இப்பால் கையைக்கூடத் தட்டினேன்.
ரந்தானெனுக்கு இது கெட்ட செய்தி என்று எழுத
படிவத்தில் கட்டம் இல்லை.

வீடு திரும்புகையில் வெந்நீர் வாய்க்காலோரம் வண்டியை நிறுத்தினேன்.
ஆவிக்குள் அன்னங்கள், தெற்கே போக மறந்தவை.
அக்கரையில் ஒரே ஒரு விளக்கு.
குனிந்து, கரையோரப் பனித்தோலில் ஒரு சில்லை எடுத்து
வெறுங்கையால் உடைத்தேன்.

மின்னியது.