ஓதம்

ஜிப்மரில் அந்தப் பெண் டாக்டர்
நிறைமதியின் முதுகில் குழல் வைத்துக் கேட்டுவிட்டு
என்னிடம் கேட்டார்:
"வீட்ல ஓதம் இருக்கா?"
முத்தியால்பேட்டை, கடலுக்குக் கூப்பிடு தூரம் என்றேன்.
அவர் கேட்டது சுவரை.

அன்று இரவே பீரோவை நகர்த்தினோம்,
நானும் செங்கதிரும், ஆளுக்கொரு முனை.
பின்னால்
ஓர் ஆள் உயரத்துக்குப் பூத்திருந்தது.
நடுவில் கறுப்பு, சுற்றிலும் சாம்பல்,
ஓரத்தில் பாசிப்பச்சை.
பூசணம் பூத்தது என்கிறோம்.
வேறு சொல்லே கிடைக்கவில்லையா நமக்கு?

கீழ்த்தட்டில் என் கூறைப்புடவையின் மடிப்பில் அதே பூ.
அவனுடைய டிப்ளமோ சான்றிதழில்
பதிவாளர் கையெழுத்தின் மேல் அதே பூ.
பிள்ளையின் தலைமாடு
அங்கிருந்து இரண்டு முழம்.

போன வருஷமும் வந்ததுதான்.
தீபாவளிக்கு முன்னால் ஒரு கோட்டு அடித்தோம்.
'ஐவரி' என்று டப்பாவில் போட்டிருந்தது.
கார்த்திகைக்கு அகல் வைக்கக் குனிந்தபோது
ஐவரிக்குள்ளிருந்து எட்டிப் பார்த்தது.
பாரீஸில் இருக்கும் வீட்டுக்காரர்
ஜன்னலைத் திறந்து வையுங்கள் என்றார் வாட்ஸப்பில்.
வீடியோவில் அவருக்குப் பின்னால் இருந்த ஜன்னல்
மூடியிருந்தது.

எங்களுக்குக் காரணம் தெரியும்.
பொதுச் சுவர்.
அந்தப் பக்கம் அந்துவான் வீட்டுக் குளியலறை.
ஸ்கூட்டி நிறுத்துகிற தகராறில்
மூன்று வருஷமாகப் பேச்சு இல்லை.
கசிய விட்டுக் கம்மென்று இருப்பதும்
அவர்கள் குணம்தான் என்று பேசிக்கொண்டோம்,
பிளீச்சிங் பவுடர் வாளிக்கு இருபுறமும் குந்தி,
கொரோனா காலத்து முகக்கவசம் மாட்டி.

உலர்ந்ததைத் தேய்க்காதே, தூசாய்ப் பறந்து நெஞ்சுக்குள் போகும்,
நனைத்துவிட்டுச் சுரண்டு.
இந்த வாளியில் வினிகரை ஊற்றிவிடாதே, மூச்சடைக்கும்.
துடைத்த துணியைத் துவைக்காதே, தூர எறி.
எல்லாம் செங்கதிர் சொன்னது.
எல்லாம் சரியாகவே செய்தோம்.
காரை பொலபொலவென்று உதிர்ந்தது.
உள்ளே செங்கல்
டீயில் ஊறின ரஸ்க் மாதிரி.

ஞாயிறு காலை வைத்திக்குப்பத்திலிருந்து
பிளம்பர் நாகமுத்து வந்தார்.
எதையும் தட்டவில்லை, இடிக்கவில்லை.
உள்ளங்கையைச் சுவரில் வைத்து
மேலே மேலே கொண்டுபோனார்.
"கொழா கசிஞ்சா கீழதான் ஊறும்.
இது தலையிலேருந்து எறங்குதும்மா."
மொட்டைமாடிக்கு ஏறினார்.

எங்கள் தொட்டி.
எங்கள் வழிகுழாய்.
பொதுச் சுவரின் உச்சந்தலைக்கு நேராக
வாயைத் திறந்துகொண்டு.
முப்பது ரூபாய் எல்போ ஒன்று போட்டிருந்தால்
தண்ணீர் எங்கள் கொல்லையில் விழுந்திருக்கும்.
அப்புறம் வாங்கிக்கலாம் என்றது
நான்தான்.

மோட்டாரைப் போட்டுவிட்டு சீரியல் பார்ப்பேன்.
சளசளவென்று சத்தம் கேட்டால்
தொட்டி நிறைந்தது என்று அர்த்தம்.
விளம்பரம் வரும்வரை எழுந்திருக்க மாட்டேன்.

அந்துவான் வீட்டுக் கதவைத் தட்டினோம்.
தெரேஸ் திறந்தாள். சொன்னதைக் கேட்டாள்.
ஒன்றும் பேசாமல் குளியலறை விளக்கைப் போட்டாள்.
எங்களுடையதைவிடப் பெரியது அங்கே.
தரையில் மூன்று நிறத்தில் டைல்ஸ்.
"எங்க கொழாதான்னு
ரெண்டு தரம் இடிச்சுப் பார்த்துட்டோம்" என்றாள்.
வாங்க என்றோ உட்காருங்க என்றோ சொல்லவில்லை.

எல்போ போட்டாயிற்று.
சுவர் காய மாசி ஆகும்,
அதுவரை பெயிண்டைத் தொடக்கூடாது என்றார் நாகமுத்து.
மொட்டைச் சுவரோடு இருக்கிறோம்.
பீரோவுக்கும் சுவருக்கும் நடுவே
என் கை நுழைகிற இடைவெளி.
மழை விட்ட மதியங்களில் ஜன்னல்,
ஈரத்துணிக்கு உள்ளே கொடி கிடையாது,
சனிக்கிழமைதோறும் டார்ச் அடித்துப் பின்னால் பார்ப்பது.
நிறைமதிக்கு இரவில் விசில் சத்தம்
குறைந்திருக்கிறது. நிற்கவில்லை.

நேற்று மோட்டாரைப் போட்டு மறந்துபோனேன்.
இப்போது தண்ணீர் மண்ணில் விழுவதால் சத்தமே கேட்பதில்லை.
சுவருக்கு அந்தப் பக்கமிருந்து
இரண்டு தட்டு.
எழுந்து போய் நிறுத்தினேன்.

ஸ்கூட்டியை இன்னமும்
எங்கள் வாசலில்தான் நிறுத்துகிறாள்.