கோட்டு வாங்கி வைக்கிற இடம்

தார்த்து நகரில் இரவு இரண்டு மணி.
ஜன்னலுக்கு வெளியே மைனஸ் பதினெட்டு.
கண்ணாடிச் சில்லில் ஒட்டியிருப்பவை
ராக்னாரின் கையிலிருந்து நேற்று எடுத்த டி செல்கள்.
பஞ்சை அழுத்திப் பிடித்தபடி
"பத்திரம், எனக்கு ஜலதோஷம் வேறு" என்றான்.

களஞ்சியத்தைக் காலி செய்யும் மருந்தை விட்டேன்.
உள்ளே கால்சியம் தீர்ந்த சேதி
சவ்வின் விளிம்பைத் தொட்டதும்
கதவுகள் திறந்தன.
திரையில் நீலம் பச்சையாகி, மஞ்சளாகி,
ஊதிவிட்ட தணல் மாதிரி ஒரு சிவப்பு.

இந்தக் கதவுக்கு ஒரு கெட்ட குணம்:
தன் வழியே வந்தவர்கள்
வாசலிலேயே கூடி நின்றால்
தானே சாத்திக்கொள்ளும்.

படிக்கிற காலத்தில் நான்
நாடக அரங்கில் கோட்டு வாங்கி வைத்தேன்.
ஏழு மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கையில்
பனி ஒட்டிய கம்பளிகளோடு ஊரே நுழையும்.
வாங்கு, மாட்டு, எண் பொறித்த பித்தளை வில்லையைக் கொடு.
வாங்கு, மாட்டு, கொடு.
என் கை கொஞ்சம் ஓய்ந்தால்
கூட்டம் வாசலில் தேங்கும்.
வாசல்காரர் எண்டெல் முனகியபடி கதவைச் சாத்துவார்.
பாதி ஊர் பனியில் நிற்க
உள்ளே திரை விலகும்.

இழைமணிகளைப் பற்றிப் பரீட்சையில்
"செல்லின் ஆற்றல் நிலையம்" என்று எழுதி
இரண்டு மதிப்பெண் வாங்கியவள்தான் நானும்.
அவை நகர்ந்துபோய் வாசலருகே நிற்கும்,
வந்த கால்சியத்தை வந்த வேகத்தில் வாங்கி
உள்ளே மாட்டிவைக்கும்,
அப்புறம் மெதுவாக, ஆட்டம் முடிந்தபின் போல,
ஒவ்வொன்றாகத் திருப்பித் தரும் என்று
அப்போது யாரும் சொல்லவில்லை.

கதவு திறந்திருக்கும் நேரம்தான்
உட்கருவுக்குப் போகும் கடிதம்.
ஒரு நிமிடத்தில் அதை எழுத முடியாது.
சண்டைக்குத் துணிய ஒரு செல்லுக்கு
மணிக்கணக்கில் ஆகும்.

மூன்றாம் குழாயைத் திறந்தேன்:
இழைமணிகளை முடக்கும் மருந்து.
சிவப்பு வடிந்தது.
எதிர்பார்த்ததுதான், குறிப்பேட்டில் எழுதினேன்.
எழுதும்போது கை சற்று நின்றது.
ராக்னார் இப்போது இருமிக்கொண்டே தூங்குவான்,
அவனுக்குள் இதே வாசல்கள்,
யாரும் மருந்து விடாதவை.

கழுவிவிட்டு இருபது நிமிடம் பார்த்தேன்.
பதினொன்றில் ஏழு மறுபடி சிவந்தன.
மூன்று பாதியில் நின்றன.
இடது மூலையில் ஒன்று
நீலமாகவே இருந்தது.
அதைக் கணக்கில் சேர்ப்பதா என்று
காலையில் ஹில்யேவிடம் கேட்க வேண்டும்.

விளக்கை அணைத்து ஆணியிலிருந்து
என் கோட்டை நானே எடுத்துக்கொண்டேன்.
பைக்குள் இன்னும் கிடக்கிறது
ஜோடியில் ஒரு பித்தளை வில்லை, நாற்பத்தொன்று.
அன்றைக்கு ஆட்டம் முடிந்து
எல்லாரும் போய், எண்டெல் பூட்டும்வரை
அந்தச் சாம்பல்நிறக் கோட்டைக் கேட்டு
யாரும் வரவில்லை.