தீப்பெட்டி அளவு பாராமகால்

ஜெகதேவி குவாரிக்கு எல்லை காட்ட வந்தேன்.
முதலாளி முனிரத்தினம் உள்ளறையில்
லாரிக்காரனிடம் கத்திக்கொண்டிருக்கிறார்.
சுவரில் ஒரு பெரிய கண்ணாடிச் சட்டம்,
அதன் நட்டநடுவில்
பசையில் சிக்கிய ஈயைப் போல
தீப்பெட்டி அளவில் ஒரு வரைபடம்.
ஆண்ட்வெர்ப்பில் கல் வாங்குகிறவன்
தீபாவளிக்கு அனுப்பியதாம்.

பழைய புலப்படம் படிக்கிற லென்ஸ்
எப்போதும் என் பையில் இருக்கும்.
வைத்துப் பார்த்தேன்.

மலைகள் கம்பளிப்பூச்சிகள்.
கோட்டைக்கு ஒரு கடுகு.
பெண்ணையாற்றுக்கு ஒரு மயிரிழை.
'கிஸ்ட்னகெரி' என்ற பெயருக்கு
எறும்பு நடந்த அகலம்.

செதுக்கியவன் இந்தப் பக்கம் வந்தவனில்லை.
வந்திருந்தால்
சையத் பாஷா மலையை
இப்படிப் பட்டினி போட்டிருக்க மாட்டான்.

செம்புத் தகட்டில் இடவலம் மாற்றி வெட்ட வேண்டும்,
அப்போதுதான் தாளில் நேராக விழும்.
பேர்களைத் திருப்பியவன்
ஊர்களைத் திருப்ப மறந்துவிட்டான்.
இராயக்கோட்டை கிழக்கே கிடக்கிறது
காவேரிப்பட்டணம் மேற்கே.
ஆறு, கடலை வேண்டாமென்று
மைசூர்ப் பக்கம் போகிறது.

சிரித்துவிட்டேன்.

அப்புறம்தான் அந்தக் கோடு.
தகட்டைப் பின்னாலிருந்து தட்டி
மேடாக்கி, தேய்த்து,
ஆற்றைச் சரியான பக்கம் வெட்டத் தொடங்கி
ஒரு நெல் நீளத்தில் நின்றுபோன கோடு.
முதல் தாள் காய்ந்த அன்றே
அவனுக்குத் தெரிந்திருக்கிறது.
மெழுகுவத்தி தீர்ந்ததோ,
அச்சடிப்பவன் வாசலில் நின்றானோ,
அங்கே போய் யார் பார்க்கப்போகிறார்கள் என்று
வீட்டில் சொன்னார்களோ.

வேப்பனப்பள்ளி, 118/2பி.
14.2 என்று அளந்து
12.4 என்று எழுதினேன்.
மகனுக்குக் காய்ச்சல், சித்திரை வெயில்,
எதை வேண்டுமானாலும் சொல்லலாம்.
திம்மக்காவின் பெங்களூரா மாமரம்
அன்றிலிருந்து தொட்டப்பனுடையது.
ஒன்பது வருடமாக அவன் பறிக்கிறான்,
அவள் வேலியோரம் நின்று
காய்களை எண்ணுகிறாள்.
14.2 இருப்பது
என் பென்சில் நோட்டில் மட்டும்.

முனிரத்தினம் வெளியே வந்தார்.
"பழசு மேடம்.
ஆனா எவ்ளோ கரெக்டா போட்டிருக்கான் பாருங்க."

லென்ஸைத் துடைத்துப் பையில் போட்டேன்.
"ஆமாம் சார்,
கை நடுங்கவே இல்லை."

ஜீப்பில் ஏறியதும்
வேப்பனப்பள்ளி இங்கிருந்து
எவ்வளவு தூரம் என்று டிரைவரைக் கேட்டேன்,
எனக்குத் தெரியாததுபோல.