பக்கம் இருநூற்று மூன்று

நானூற்றுப் பன்னிரண்டு பக்கம்.
மீன் பெட்டியில் வைத்து அனுப்பியிருந்தார், நாறியது.
முதல் வாசிப்பில் ஹால்பெரா பென்சிலைத் தொடுவதில்லை;
கைகளைத் தொடைக்கடியில் வைத்துக்கொண்டு
விருந்துக்கு வந்தவள் மாதிரி படிப்பாள்.
ஐஸ்லாந்தின் மேற்குக் கடற்கழியில்
அக்டோபர் கடைசி, ஐந்து மணிக்கே விளக்கு கேட்கும்.
கிறிஸ்துமஸுக்குள் புத்தகம் கடைக்கு வந்தாக வேண்டும்.

இரண்டாம் வாசிப்பில்
முதல் நாற்பது பக்கம் போயிற்று:
கொள்ளுப்பாட்டன், காற்றின் திசை, துறைமுக வரலாறு.
ஆடுகிற அடுப்படியில் ஒருவன்
வெங்காயம் உரிப்பதில்
இப்போது புத்தகம் தொடங்குகிறது.

ஃபின்போகி தொலைபேசியில் கத்தினார்:
"என் புத்தகத்தின் குடலை உருவிவிட்டாய்!"
"முப்பது வருஷம் படகில் சமைத்தீர்களே,
குடலோடு எந்த மீனை வேகவைத்தீர்கள்?"
மறுமுனையில் இருமல். சிரிப்பாகவும் இருக்கலாம்.

மூன்றாவது, வாக்கியம் வாக்கியமாக.
'மிகவும்' என்ற சொல் முந்நூற்றுப் பத்தொன்பது இடத்தில்.
மிகவும் குளிர், மிகவும் பெரிய அலை, மிகவும் நல்ல கேப்டன்.
முள் எடுப்பதுபோல் எல்லாவற்றையும் எடுத்தாள்.
குளிர் கூடியது.

பிறகு தனித்தாளில் கணக்கு:
படகு பச்சை. எஞ்சின் வேறொரு படகிலிருந்து கழற்றியது.
சமையல்காரருக்கு இடது கை.
ஆட்கள் ஆறு பேர், பெயரோடு, பக்கம் ஐம்பத்திரண்டு.
பக்கம் இருநூற்று மூன்று,
புயலுக்கு முந்தின இரவு:
"ஏழு கிண்ணத்தில் சூப் ஊற்றினேன்."

ஓரத்தில் எழுதினாள்: ஆறா, ஏழா? சரிபார்க்கவும்.
அவ்வளவுதான். ஒரு நாளைக்கு இப்படி நாற்பது கேட்பாள்.

ஒன்பது நாள் கழித்துத் தாள் திரும்பியது.
'ஏழு' அடிபட்டு 'ஆறு' ஆகியிருந்தது.
அடித்த அழுத்தத்தில் காகிதம் கிழிந்து
அடுத்த பக்கத்திலும் கோடு விழுந்திருந்தது.
பிழை திருத்துகிறவன் கோடு இப்படி இருக்காது.

அழைத்தாள். ஏன் அடித்தீர்கள் என்று கேட்கவில்லை;
அன்றிரவு சாப்பிட்டது எத்தனை பேர் என்றாள்.
நெடுநேரம் அங்கே தண்ணீர் கொதிக்கும் சத்தம்.
"பட்டியலில் அவன் பெயர் இல்லை.
பதினான்கு வயசு. நான்தான் ஏற்றினேன், ஒளித்து.
கரையேறியது நான் மட்டும்.
வெளிநாட்டுக் கப்பலில் போய்விட்டான் என்று
அவன் அம்மாவிடம் சொன்னேன்.
அவளுக்கு இப்போது எண்பத்தெட்டு.
கண் நன்றாகத் தெரிகிறது.
நிறையப் படிக்கிறாள்."

அச்சகம் வியாழன்வரைதான் காத்திருக்கும்.

அடித்த சொல்லை மீட்க வேண்டுமென்றால்
திருத்துகிறவர்கள் அதன் அடியில் புள்ளி வைப்பார்கள்:
அப்படியே இருக்கட்டும்.
நம்மிடம் எழுத்தின் தலையில் ஏறி
உயிரைப் பறித்து
மெய்யை மட்டும் விட்டுவைக்கும் அதே புள்ளி.
ஹால்பெராவுக்கு அது தெரியாது.
கிழிசலைப் பின்பக்கமிருந்து ஒட்டி
'ஏழு'க்கு அடியில் புள்ளிகள் வைத்தாள், பென்சிலால்.
கூடவே ஒரு ரப்பரையும் உறைக்குள் போட்டு அனுப்பினாள்.

வியாழன் போயிற்று. அதற்கடுத்த வியாழனும்.
அந்த வருஷக் கிறிஸ்துமஸுக்கு
வேறு யார் யார் புத்தகமோ விற்றது.

ஜனவரியில் ஓர் உறை.
ரப்பர் முனை மழுங்காமல் திரும்பியிருந்தது.
பென்சில் புள்ளி ஒவ்வொன்றின்மேலும் மை.
ஓரத்தில்: "அவள் வீட்டுக்குப் போய்வந்தேன்."
போய் என்ன ஆயிற்று என்று ஒரு சொல் இல்லை.
கீழே புதிதாக ஒரு வரி,
அவள் ஒழித்துக்கட்டிய சொல்லோடு:
"ஸ்வேய்ன் மிகவும் பசியோடிருந்தான்."

பென்சில் அந்தச் சொல்லின்மேல் கொஞ்சம் நின்றது.
பிறகு, வரி முடிவில்
முற்றுப்புள்ளி இருக்கிறதா என்று மட்டும் பார்த்துவிட்டு
பக்கத்தைத் திருப்பினாள்.