ஜன்னல் வைத்த அறை

செக்காலை ரோட்டில், பேக்கரிக்கு மேல் மாடியில்
உமையாளின் டிராவல்ஸ்.
படியெல்லாம் பன் வேகும் வாசனை.
சின்னவன் பாதிப் படியிலேயே நின்றுவிட்டான்.

‘ராணுவக் குடும்பங்களுக்குப் பதினைந்து சதவீதம் குறைவு’
என்று கதவில் ஒட்டியிருந்தது.
ஒரு கப்பல் படம்,
கப்பலைவிடப் பெரிய எழுத்தில் சதவீதம்.

சலுகை எனக்குப் புதிதில்லை.
கேன்டீன் கார்டில் மிக்ஸி வாங்கியிருக்கிறேன்,
சோப்பு, சக்கரம் வைத்த பெட்டி.
பேச்சுவார்த்தை அறுந்த பங்காளிகூட
டிசம்பரில் நலம் விசாரிப்பார்,
‘ரம் ஒண்ணு கிடைக்குமா’ என்று முடிப்பார்.
கடலுக்குத் தள்ளுபடி
இப்போதுதான் கேள்விப்படுகிறேன்.

நாலு பேர், மூன்று ராத்திரி.
சென்னையில் ஏறிச் சென்னையிலேயே இறங்குவது.
ஜன்னல் இல்லாத உள்ளறை
ஒரு லட்சத்துப் பன்னிரண்டாயிரம்.
ஜன்னல் வேண்டுமென்றால் பதினாறாயிரம் கூட.
வட்டிக்குப் பேர்போன ஊரில் உட்கார்ந்து
மூன்று தடவை கழித்துப் பார்த்தேன்.
ஜன்னலும் வந்து
மூவாயிரத்து இருநூறு மிச்சமாகிறது.

“எங்க பாட்டையா பர்மாவுக்கு
மேல்தட்டுல படுத்தே போனாராம்க்கா,
ஜன்னலும் கிடையாது, கூரையும் கிடையாது.
ஆனா டிக்கெட்டுக்குப் பேரம் பேசியிருப்பார்”
என்று சிரித்தாள் உமையாள்.
சிரித்தபடியே கேட்டாள்:
“சார் கூட வர்றார்ல?”

விதி அப்படி.
பணியில் இருப்பவர் கப்பலேறினால்தான்
குடும்பத்துக்குக் குறையும்.

லீவு இன்னும் சாங்ஷன் ஆகவில்லை.
ஞாயிற்றுக்கிழமை போனில்
இருக்கிற இடத்தைச் சொல்ல மாட்டார்,
குளிரை மட்டும் சொல்வார்.
“தண்ணியப் பாக்க எதுக்கு டிக்கெட்டு,
இங்க பாறையாட்டம் கிடக்கு” என்பார்.
லைன் அறுகிற நேரத்தில்
“ஜன்னல் ரூமே போட்டுரு” என்றார்.

ஹவில்தார் சூசைமாணிக்கம், வயது நாற்பத்தொன்று.
உயிர்காப்பு ஜாக்கெட்டுக்காக எடை கேட்டது படிவம்.
போன மார்ச்சில் எழுபத்தொன்று.
எழுதிவிட்டு அடித்தேன்.
அறுபத்தெட்டு என்று போட்டேன்.

அடியில் பொடி எழுத்தில் ஒரு வரி.
வாசித்துக் காட்டியே ஆக வேண்டுமாம்:
“பயணி வராத பட்சத்தில்
கட்டணம் திருப்பித் தரப்பட மாட்டாது.”
வாசித்தவள்
பேனாவைத் திறந்தாள், மூடினாள்.
“கப்பலுக்குச் சொல்றாங்கக்கா.”
தெரியும் என்றேன்.
இதைவிடப் பொடி எழுத்தில்
கையெழுத்துப் போட்டிருக்கிறேன்,
கல்யாணமான ஏழாம் மாதம்.
அந்தத் தாளில் தள்ளுபடி எதுவும் இல்லை.

கடைசிக் கட்டம்:
அவசரத்துக்கு அழைக்க வேண்டியவர்.
அவருடைய காகிதம் எல்லாவற்றிலும்
அந்த இடத்தில் நான்தான்.
பெலிசித்தா, மனைவி, பத்து எண்கள்.
கை தானாக அதையே எழுதப் போனது.

“கப்பல்ல இல்லாத ஆளா வேணும்க்கா.”

யோசித்தேன்.
தம்பி கத்தாரில், மாதத்துக்கொரு நம்பர்.
பங்காளி டிசம்பருக்கு மட்டும்.
மின்விசிறி ஒரு சுற்றுக்கு ஒருமுறை கிறீச்சிட்டது.
“என் பேரையே போடுங்க,
ராத்திரியும் எடுப்பேன்” என்று
தன் கார்டைத் திருப்பி வைத்தாள்.
உறவு என்ற இடத்தில் என்ன எழுத?
‘டிக்கெட் போட்டவள்’ என்று எழுதினேன்.
அவள் அதை மாற்றச் சொல்லவில்லை.

நாலு பெயருக்கும் பணம் கட்டி
ரசீதை நாலாக மடித்து இறங்கினேன்.
பாதிப் படியில் அங்கேயே நிற்கிறான் சின்னவன்.
“கப்பல்ல பன் சும்மா தருவாங்களா,
அதுக்கும் காசா?”

அதைக் கேட்கவில்லையே.
மறுபடியும் மேலே ஏறினேன்.