நீலம் நிற்கும் நேரம்

பத்து மில்லி பால். ஒரு மில்லி நீலம்.
ரப்பர் மூடி. ஒருமுறை தலைகீழ்.
முப்பத்தேழு டிகிரி வெந்நீரில்
குழாய்களை வரிசையாய் நிறுத்திவிட்டுக்
கடிகாரம் பார்ப்பது என் வேலை.

நீலம் நின்றால் நல்ல பால்.
வெளுத்தால்
உள்ளே யாரோ மூச்சுவிடுகிறார்கள் என்று பொருள்,
கோடிக்கணக்கில்.
கண்ணுக்குத் தெரியாத ஊரொன்று குடியேறி
இருக்கிற காற்றையெல்லாம் குடித்துத் தீர்க்கிறது.
சத்தமே வராது.

சித்திரை. சேலத்தில்
ஒன்பது மணிக்கே தார் இளகும்.
ஆய்வக ஜன்னலுக்கு எதிரே சேர்வராயன் மட்டும்
காய்ச்சல்காரன் நெற்றியில் ஈரத்துணி போல
ஒரு துண்டு மேகத்தோடு படுத்திருக்கும்.

இருபத்துமூன்றாம் கேன், குப்பனூர்.
இருபது நிமிடத்தில் வெளுத்தது.
மறுநாள் பதினெட்டு.
மூன்றாம் நாள் நான் குழாயைப் பார்க்கவேயில்லை.
வெந்நீரில் வைத்த கையோடு
‘திருப்பி அனுப்புக’ என்று எழுதிவிட்டேன்.

பாவாயி வந்தார். ரெண்டு பஸ் மாறி.
“எம்மாட்டுக்கு என்னங்க நோவு?”
மாட்டுக்கில்லை என்றேன்.
மடியைக் கழுவறீங்களா, முதல் பீச்சைத் தரையில் விடறீங்களா,
கேனைக் கழுவிக் கவுத்து வெக்கறீங்களா,
கையைச் சோப்புப் போட்டு –
“கைதானுங்களா?” என்று
இரண்டையும் நீட்டித் திருப்பிக் காட்டினார்,
பள்ளிக்கூடத்தில் நகம் காட்டுகிற மாதிரி.
தேங்காய்நார், சுடுதண்ணி, முந்தாநேத்து வாங்கின புது வடிதுணி
என்று அவர் சொன்னதையெல்லாம்
எழுத என் படிவத்தில் கட்டம் இல்லை.

அந்த வாரமே பாக்கெட்டுகள் திரும்பின.
குகை, செவ்வாய்பேட்டை, அம்மாபேட்டை.
அடுப்பில் வைத்ததும் திரிகிறதாம்.
ஒரு வீட்டில் பிள்ளைக்கு நாலு நாளாய் வயிற்றுப்போக்கு.
எழுபத்திரண்டு டிகிரி, பதினைந்து நொடி:
வட்டத்தாளில் பேனாமுள்
கோணாமல் கோடிழுத்திருந்தது.
சூடு சரி. செத்தவை செத்தவைதான்.
அப்புறம் நுழைந்தது யார்?

இரவு ஷிப்டில் ஃபிட்டர் சீரங்கன்
பாக்கெட் போடும் மெஷினுக்கடியில் மல்லாந்து
டார்ச்சைப் பல்லில் கவ்விக்கொண்டு
ஒரு கேஸ்கட்டைக் கழற்றி என் உள்ளங்கையில் வைத்தார்.
குழந்தை வளையல் அளவு.
ஓரத்தில் நகக்கீறல் போல ஒரு வெடிப்பு.
வெடிப்புக்குள் மஞ்சளாய்ப் பிசுக்கு.
முகர்ந்தேன்; முகர்ந்திருக்க வேண்டாம்.
“இத மாத்தி நாலு மாசம் ஆயிருக்கணும் மேடம்” என்றார்
மேலே பார்க்காமல்.
பதிவேட்டில் நாலு மாதமும்
‘சரிபார்க்கப்பட்டது’.
கீழே, சுழித்துச் சுழித்து, என் கையெழுத்து.

பஞ்சில் ஒற்றித் தட்டில் தேய்த்து
ஒரு நாள் விட்டேன்.
கேழ்வரகு கொட்டிய மாதிரி
கருஞ்சிவப்பாய் முளைத்திருந்தன.
அவ்வளவு இருந்தால்
‘எண்ண இயலாதவை’ என்று எழுதினால் போதும்,
விதி அப்படி.
நான் எண்ணினேன்.
அறுநூற்றுப் பதினொன்றில் கண் கலங்கியது.
உற்றுப் பார்த்ததால்தான்.

கேஸ்கட் மாறிவிட்டது. பாக்கெட்டுகள் திரும்புவதில்லை.
இருபத்துமூன்றாம் கேன்தான் வருவதில்லை.
பாவாயி டீக்கடைக்கு ஊற்றுகிறாராம்.
அங்கே நீலமில்லை, கட்டமில்லை,
கொதி மட்டும்.

ஒன்றை இன்னும் யாரிடமும் சொல்லவில்லை.
அவர் காலிக் கேனோடு பஸ் ஏறிப் போன அன்று
சாயங்காலம் குழாய்களைக் கழுவ எடுத்தேன்.
மலையில் வளைவுக்கு வளைவு விளக்கு எரியத் தொடங்கியிருந்தது.
மற்றவை எல்லாம் வெளுத்துப்போய்.
அவருடையது,
ஏழு மணி நேரம் கழித்தும்,
நீலம்.

கொட்டினேன்.
நன்றாகக் கழுவிக்
கவிழ்த்து வைத்தேன்.